பெட்டி தூக்குற மரியாதை

கிட்ட வந்து உட்காரு தம்பி. இன்னும் கொஞ்சம். இந்த பஸ் இரைச்சல்ல நான் கத்தித்தான் பேசணும். கத்திப் பேசினா முன் சீட்டுக்குக் கேட்கும். முன் சீட்டுல எங்க ஊர்க்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க. அந்தத் தூக்குவாளியை உன் கால் பக்கம் நகர்த்திக்கோ, சாயாம பார்த்துக்கோ. குழையவிட்ட சோறும் மிளகு ரசமும். என் கையால வச்சது. வேலூர் வரைக்கும்தானே நீ? நானும் அங்கதான். ஆஸ்பத்திரிக்கு.

என் பையன் அங்க படுத்திருக்கான். யுவராஜ்னு பேரு. பட்டாளத்துல நாயக். உடம்புக்கு ஒண்ணுமில்லை. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன், உடம்புக்கு ஒண்ணுமில்லாத பிள்ளையை எதுக்குய்யா படுக்க வச்சிருக்கீங்கன்னு. படுக்க வச்சது டாக்டர் இல்லை. என் மருமக. ஹேமாவதி. இன்னிக்கு அவளை நாலு கேள்வி கேட்டுட்டு, இவனை எழுப்பி, சட்டையை மாட்டி, ரயில் ஏத்தி விட்டுடணும்னு கிளம்பியிருக்கேன். அவன் போஸ்டுக்குத் திரும்பினாத்தான் எங்க ஊர்ல நான் தலை நிமிர்ந்து நடக்க முடியும்.

போன வாரமும் இப்படித்தான் கிளம்பிப் போனேன். சோறு போட்டேன். சாப்பிட்டான். சாப்பிட்ட கையோட தூங்கிட்டான். தூங்குறவனை எப்படிப்பா எழுப்புறது. திரும்பி வந்துட்டேன்.

எங்க ஊரு காரைமேடு. குடியாத்தம் பக்கம், உள்ளே தள்ளி. பட்டாளத்துக்காரன் ஊருன்னு சொன்னா இந்தப் பக்கம் யாரும் வழி காட்டுவாங்க. வெள்ளைக்காரன் சண்டைக்கே எங்க ஊர்ல இருந்து போயிருக்காங்க. ஊர் வாசல்ல ஒரு கல்லு நிக்குது, செத்தவங்க பேரெல்லாம் வெட்டி வச்சது. வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துல இருப்பான், இல்லைன்னா இருந்துட்டு வந்திருப்பான். நானும் இருந்துட்டு வந்தவன்தான். லங்கர்ல இருந்தேன். லங்கர்னா பட்டாளத்துச் சமையல்கட்டு. பனியில, மணல்ல, கூடாரத்துல, எங்க போட்டாலும் அடுப்பு மூட்டியிருக்கேன். குண்டு விழுற சத்தம் கேட்டுக்கிட்டே பருப்பு தாளிச்சிருக்கேன். ஆனா எங்க ஊர் கணக்குல அது சேர்த்தி இல்லை. "தனகோட்டி, நீயும் சுட்டவன்தான், நாங்க துப்பாக்கியில சுட்டோம், நீ சப்பாத்தி சுட்டே"ன்னு ரிட்டையர் ஆன பட்டாளத்துக்காரங்க சங்கத்துல உட்கார்ந்து சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிக்காம என்ன பண்றது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டிவியில பார்த்திருப்பே நீ. வடக்கே கேம்ப்ல ஒரு சிப்பாய் கூட இருந்தவங்க நாலு பேரைச் சுட்டுட்டு தன்னையும் சுட்டுக்கிட்டானே. அவன் எங்க ஊரு. தாமோதரன். கன்னியம்மான்னு பால் ஊத்துற அம்மா, அவங்க மகன். என் பையனும் அவனும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து படிச்சவனுங்க, ஒரே நாள்ல ஆள் எடுப்புக்குப் போனவனுங்க. வேற வேற யூனிட்ல போட்டாங்க.

சாப்பிடுற இடத்துல வச்சுச் சுட்டிருக்கான் தம்பி. எனக்கு அதுதான் ஆறவே இல்லை. தட்டு முன்னாடி உட்கார்ந்திருக்கிறவனைச் சுடலாமா? கையில சோத்தோட போய்ச் சேர்ந்தானுங்க பாவம். அந்த நாலு பேரோட அம்மாங்களையும் டிவியில காட்டினாங்க. பாஷை புரியலை, ஆனா நான் அழுதேன். நான் ஒண்ணும் ஈரமில்லாதவன் இல்லை.

லங்கர்ல இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். ஆபீசருக்குத் தெரியறதுக்கு முந்தி அடுப்படிக்குத் தெரியும். எவனுக்கு வீட்டு நினைப்பு, எவனுக்கு வயித்துல கோளாறு, எவன் கெட்டுக்கிட்டு வர்றான்னு. கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கிட்டு நிப்பான் பாரு ஒருத்தன், குழாயடியை விட்டு நகராம, அவன் மேல ஒரு கண்ணு வைக்கணும். நான் தாமோதரன் கேம்ப்ல இருந்திருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன்.

எங்களுக்கே டிவியைப் பார்த்துத்தான் தெரியும். கீழே ஊர் பேரு ஓடுது, காரைமேடு, காரைமேடுன்னு. அன்னிக்கு டீக்கடையில பேசாத பேச்சில்லை. ஒருத்தன் குடின்னான். ஒருத்தன் பொண்டாட்டி சரியில்லைன்னான், அவனுக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொன்னதும், அதுதான் காரணம்னான். செல்ஃபோன்ல துப்பாக்கி விளையாட்டு ஆடி ஆடி மூளை கெட்டுப்போச்சுன்னு எங்க ஊர் வாத்தியாரே சொன்னார். அவன் கண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும்னு சொன்னவங்க எத்தனை பேரு. நானும் ரெண்டு வார்த்தை சொன்னேன்னு வச்சுக்கோ. போன வருஷம் லீவுல வந்தப்போ அவன் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி ஃபில்டர் வாங்கிக் கொடுத்திருந்தான், மேலே அவன் பேரு எழுதி. அந்தப் பேரைப் பிளேடால சுரண்டி எடுத்துட்டாங்க. சுரண்டின கையோட தண்ணி பிடிச்சுக் குடிச்சாங்க. வெயில் நேரம்.

உடம்பு வந்துச்சு. கொடி போர்த்தாம வந்துச்சு. எங்க ஊர்ல ஒரு உடம்பு கொடியில்லாம பட்டாளத்துல இருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சங்கத் தலைவர் ஏகாம்பரம், சுபேதாரா இருந்து ரிட்டையர் ஆனவர், நாங்க சுபேதார் ஐயான்னுதான் கூப்பிடுவோம், அவர் எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கல்லுகிட்டப் போய் நின்னார். கல்லைத் தாண்டி இந்த வண்டி வரக்கூடாதுன்னுட்டார். ஏரிக்கரை மேல சுத்திக் கொண்டுபோனாங்க. கன்னியம்மா வண்டி பின்னாடியே நடந்து போச்சு. நான் போகலை. போயிருந்தா என்ன சொல்வாங்க? ஒரு படி அரிசி வடிச்சு, குழம்பு வச்சு, ஹேமாவதிகிட்டக் கொடுத்து, வாசல்ல வச்சுட்டு வந்துடும்மான்னேன். அவ என்ன பண்ணா? உள்ளே போய் உட்கார்ந்துட்டா. சாயங்காலம் வரைக்கும் அந்த அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஊரே பார்த்துச்சு. அன்னிக்குத்தான் நான் முதல்ல அவகிட்டக் குரலை உயர்த்தினேன்.

"வச்சுட்டு வரச் சொன்னா குந்திக்கினு வர்றியே."

"சாப்பாட்டை வச்சுட்டு வந்தா அவங்க சாப்பிடுவாங்களா மாமா?"

அப்படித்தான். எதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பா. ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல இருந்தவ, நாலு பேர்கிட்டப் பேசிப் பழகினவ.

அப்புறம் டிவிக்காரங்களே ஊருக்கு வந்தாங்க. ஒரு பொண்ணு, மைக்கை நீட்டி, "இந்த ஊர்ல வேற யாருக்காவது மன அழுத்தம் இருக்கா ஐயா, யாராவது டாக்டரைப் பார்க்கிறாங்களா"ன்னு கேட்டுச்சு. சுபேதார் ஐயா மீசையைத் தடவிட்டுச் சொன்னார் பாரு, "தலைமுறை தலைமுறையா நாங்க பட்டாளத்துக்குப் போறோம்மா. எங்க ஊர்ல இருந்து ஒருத்தன் கூட மூளை டாக்டர் வாசப்படி மிதிச்சது கிடையாது. இனிமேலும் மிதிக்க மாட்டான்." கைதட்டல் அடங்கவே இல்லை. நானும் தட்டினேன். கை சிவந்துபோச்சு. ராத்திரி நியூஸ்ல அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டாங்க.

அதுக்கு அடுத்த மாசம் யுவராஜ் லீவுல வந்தான்.

இளைச்சிருந்தான். மலை மேல இருந்தா இளைக்கத்தான் செய்வாங்க. பேச்சு குறைஞ்சிருந்துச்சு. அது நல்லதுதானே? வாசலைப் பார்த்த மாதிரிதான் உட்காருவான், சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு. வீட்டுக்கு ஒரு காவல் கிடைச்ச மாதிரி எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பேத்தி மடியில ஏற வந்தா, தூக்கித் தள்ளி உட்கார வச்சிடுவான், அதட்டாம, மெதுவா. பட்டாளத்துக்காரன் பிள்ளைங்களைக் கொஞ்சிக் கெடுக்கக்கூடாது. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். சாப்பிட்ட தட்டை அவனே கழுவுவான். கழுவிட்டு முகர்ந்து பார்ப்பான். மறுபடி கழுவுவான். தண்ணித் தொட்டி காலியாகிற வரைக்கும் நிப்பான். நான் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லுவேன், என் பையனைப் பார்த்துக் கத்துக்கோங்கன்னு.

ஒரு நாள் துவைக்கிற கல்லு மேல உட்கார்ந்திருந்தான். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன்.

"நைனா, தாமு எனக்கு ஃபோன் பண்ணான்."

"எப்போ?"

"அதுக்கு முந்தின வாரம்."

நான் உரிக்கிறதை நிறுத்திட்டேன்.

"சாப்பிட உட்கார்ந்தா எல்லார் மூஞ்சியும் ஒரே மூஞ்சியாத் தெரியுதுடான்னான். யாரு யாருன்னே புரியலைன்னான். நான் சிரிச்சுட்டேன் நைனா. கண்ணாடி போடுடான்னு சொன்னேன்." அப்புறம், "இப்போ எனக்கும்…" அப்படின்னு ஆரம்பிச்சான்.

"டேய்"ன்னேன் நான். "இதை இதோட விடு. அவன் உனக்கு ஃபோன் பண்ணதை யார்கிட்டயும் மூச்சு விடாதே. உன் பேரையும் அதுல இழுத்துவிட்டுடுவானுங்க."

வாயை மூடிக்கிட்டான். அன்னியில இருந்து அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை எடுக்கலை. நான் ஒண்ணு சொன்னா அதை அப்படியே கேட்பான், அப்படிப்பட்ட பிள்ளை. நான் உடனே போய்க் கறி எடுத்துட்டு வந்து வறுத்துப் போட்டேன். அவனுக்கு எலும்போட இருந்தாப் பிடிக்கும்.

கறி எடுத்துட்டு வந்தேனே, அங்கதான் வந்துச்சு சண்டை. கூட வதக்க வெங்காயம் நறுக்கக் கத்தியைத் தேடுறேன், காணோம். சாதாரணக் கத்தி இல்லை தம்பி. நான் சர்வீஸ்ல இருந்து வரும்போது என்கூட வந்த கத்தி. நாட்டுல பாதி ஊர்ல அதால வெங்காயம் நறுக்கியிருக்கேன். என் கைக்குப் பழகினது. அருவாமணையைக் காணோம். தேங்காய் உடைக்கிற கொடுவாளைக் காணோம். கத்திரிக்கோல் கூட இல்லை.

"எங்கம்மா என் கத்தி?"

"எங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் வச்சிருக்கேன் மாமா."

"என்னைக் கேட்காம?"

அவ அடுப்பைத் தணிச்சுட்டு என்கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. "அவர்தான் சொன்னார் மாமா. வீட்டுல கூரா இருக்கிறது எதுவும் என் கண்ணுல படாம வச்சிடு ஹேமான்னு. எனக்கே என்மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லி அழுதார்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மெஷின் கன் பிடிக்கிறவன் காய் நறுக்குற கத்தியைப் பார்த்துப் பயந்தானாம். அவளுக்கு அடுப்படியில என் அதிகாரம் பிடிக்கலை, அதுக்கு இப்படி ஒரு கதை கட்டுறான்னுதான் நான் நினைச்சேன். ஒரு மாசம் தம்பி, ஒரு மாசம் நான் பீன்ஸைக் கையால கிள்ளினேன். தக்காளியைப் பிசைஞ்சு போட்டேன். லங்கர்ல தினம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு நறுக்கினவன் நான்.

அதோட விட்டாளா? ஒரு நாள் அவளா பஸ் ஏறி வேலூர் போய், ஒரு மூளை டாக்டரைப் பார்த்து, இவன் பண்றதெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கா. டாக்டர் உடனே கூட்டிக்கிட்டு வான்னாராம். என்கிட்ட வந்து, நீங்களும் கூட வாங்க மாமா, நீங்க சொன்னாத்தான் அவர் வருவார்ங்கிறா.

"ஏம்மா, சுபேதார் ஐயா டிவியில என்ன சொன்னார்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம்? உலகம் பூரா பார்த்துச்சு. அவர் சொன்னதைப் பொய்யாக்கச் சொல்றியா?"

அவ டாக்டர் கொடுத்த சீட்டை மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு உள்ளே போனா. அதோட விட்டுட்டான்னு நான் நினைச்சேன்.

முன் சீட்டுல இருக்காங்களே, தெரியுதா, நீலச் சட்டை? சுபேதார் ஐயாவோட தம்பி மகன். அவனும் லீவுலதான் வந்திருக்கான். கூட அவன் பொண்டாட்டி. பஸ் ஏறும்போது எங்கடா போறீங்கன்னு கேட்டேன். கண்ணு டாக்டர்கிட்டன்னான். போன வாரமும் எங்க ஊர் பையன் ஒருத்தன் இதே பஸ்ல வந்தான், அவனும் கண்ணு டாக்டர்தான்னான். என்னமோ எங்க ஊர் பசங்களுக்கு எல்லாம் ஒரே சமயத்துல கண்ணு கெட்டுப்போச்சு. சின்ன வயசுல. ஃபோன் பார்த்துப் பார்த்துத்தான்.

லீவு முடியற சமயம், சுபேதார் ஐயா எங்க வீட்டுக்கு வந்தார். என் வீட்டு வாசப்படி ஏறினது அதுதான் முதல் தடவை. நாற்காலியைத் துடைச்சுப் போட்டேன்.

"தனகோட்டி, உன் பையன் கிளம்புற அன்னிக்கு நல்லாச் செய்யணும். அந்தக் கழிசடைக்கு அப்புறம் நம்ம ஊர்ல இருந்து டூட்டிக்குப் போற முதல் ஆள் இவன். யூடியூப் சேனல்காரன் வர்றேன்னிருக்கான். பள்ளிக்கூடப் பிள்ளைங்களை நிறுத்துறோம். நம்ம வழக்கப்படி வேட்டு உண்டு."

எங்க ஊர்ல யாரு டூட்டிக்குக் கிளம்பினாலும் கல்லுகிட்ட நின்னு சுபேதார் ஐயா தன்னோட ஒத்தக்குழல் துப்பாக்கியால ஆகாசத்தைப் பார்த்து ஒரு வேட்டு போடுவார். லைசென்ஸ் இருக்கு அவருக்கு.

"இந்தத் தடவை நான் போடலை. யுவராஜ் போடட்டும். காரைமேட்டுக்காரன் கை நடுங்காதுன்னு ஊர் உலகம் பார்க்கட்டும்."

அப்புறம் அவர் இன்னொண்ணு சொன்னார். "பெட்டியை நீயே தூக்கு தனகோட்டி."

உனக்கு இது புரியாது, சொல்றேன் கேளு. எங்க ஊர்ல டூட்டிக்குப் போறவன் தன் பெட்டியைத் தானே தூக்க மாட்டான். கறுப்புத் தகரப் பெட்டி, மேலே வெள்ளையில பேரும் நம்பரும் எழுதியிருக்கும். சர்வீஸ் முடிச்சு வந்த ஒரு பெரியவர் அதைத் தலையில வச்சுக்கிட்டு முன்னாடி நடப்பார். போறவன் வெறுங்கையோட பின்னாடி நடப்பான். கையில ஒரு பூ கூட இருக்கக்கூடாது. பெட்டி கிளம்பிட்டா எல்லாம் முடிஞ்சுது, அவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, நாம பின்னால இருந்து கூப்பிடக்கூடாது. ஒருத்தன் மணிபர்ஸை மறந்துட்டுப் போனான்னு அவன் அண்ணன் கழனி வழியா ஓடிச் சுத்திப் போய், எதிர்ல வந்துதான் கொடுத்தான். அவ்வளவு கட்டுப்பாடு. பொம்பளைங்க கல்லோட நின்னுடணும். அந்தப் பெட்டியைத் தூக்குறது எங்க ஊர்ல பெரிய மரியாதை. சண்டை பார்த்தவங்கதான் தூக்குவாங்க. லங்கர்காரனுக்கு யாரும் கொடுத்ததில்லை. நான் ஊர் திரும்பினதுல இருந்து எத்தனை பெட்டி போறதைப் பார்த்திருக்கேன், ஓரமா நின்னு.

அவர் போனதும் ஹேமாவதி வந்தா. பின்கட்டுல இருந்து எல்லாம் கேட்டிருக்கா.

"மாமா, அவர் கையில துப்பாக்கி கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"இன்னா பேச்சு பேசுற? அவன் வேலையே துப்பாக்கிதான்."

"கத்தியைப் பார்க்க முடியாம இருக்கிறவர் மாமா."

"கத்தி வேற, துப்பாக்கி வேற."

"சுத்திப் பிள்ளைங்க நிப்பாங்க."

"அதான் அழகே"ன்னேன்.

அவ சுபேதார் ஐயா வீட்டுக்கும் போய்ப் பேசியிருக்கா. அவர் அவளை உள்ளே போய் அவர் சம்சாரத்தோட பேசச் சொல்லிட்டார். சரியாத்தான் சொல்லியிருக்கார். மறுநாள் அவ பேத்தியைக் கூட்டிக்கிட்டுப் போய் லத்தேரியில அவங்க அம்மா வீட்டுல விட்டுட்டு வந்தா. அப்பன் கிளம்புறதைப் பார்க்கக் குழந்தைக்குக் கொடுத்து வைக்கலை. எனக்கு அதுவும் ஒரு வருத்தம்.

அன்னிக்குக் காலையில நல்ல வெயில். ஊரே கல்லுகிட்ட நிக்குது. பிள்ளைங்க கையில காகிதக் கொடி. மேளம். யூடியூப்காரப் பையன் இங்கயும் அங்கயும் ஓடிக்கிட்டு இருக்கான். நான் வெள்ளைச் சட்டை போட்டு, புதுத் துண்டைச் சும்மாடாச் சுருட்டித் தலையில வச்சுப் பார்த்து, எடுத்து, மறுபடி வச்சுப் பார்த்தேன். பெட்டி என் காலடியில இருக்கு. ஹேமாவதி பொம்பளைங்களோட கல்லுக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. அழலை. எல்லாப் பொண்டாட்டியும் அழுவாங்க, இவ அழலை. கல் மனசு.

சுபேதார் ஐயா துப்பாக்கியை நீட்டினார். யுவராஜ் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னான். "வாங்குப்பா"ன்னார். வாங்கினான். வாங்கினதும் கை தன்னால வேலை செஞ்சுச்சு தம்பி, மடக்கித் தோட்டா இருக்கான்னு பார்த்தான், மூடினான், தோள்ல ஏத்தினான். என்ன அழகு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோச்சு.

"மேலே பார்த்து ஒண்ணு"ன்னார் சுபேதார் ஐயா.

அவன் குழலைத் தூக்கலை. நெஞ்சு மட்டத்துலயே வச்சுக்கிட்டு, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் மெதுவாத் திரும்பினான். ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பார்க்கிறான். குழலும் கூடவே திரும்புது. இனி எப்போ வரப்போறோமோ, ஊர்ச் சனத்தை மனசுல பதிய வச்சுக்கிறான்னு நான் நினைச்சேன். மேளம் நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சுன்னு தெரியலை. பிள்ளைங்க சல்யூட் வச்சுக்கிட்டு நிக்குதுங்க. ஒரு பிள்ளை சிரிக்குது. என்கிட்டயும் வந்துச்சு குழல். என்னைப் பார்த்தான். ஆனா என்னைப் பார்க்கிற மாதிரி இல்லை, சுபேதார் ஐயாவைப் பார்த்த மாதிரியே, மேளக்காரனைப் பார்த்த மாதிரியேதான் என்னையும் பார்த்தான். வெயில் கண்ணுல பட்டிருக்கும். நான் அவனுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, வேட்டு போட்டதும் தூக்க வேண்டியதுதான்னு சும்மாடைத் தலையில வச்சு, பெட்டிக்குக் குனிஞ்சேன்.

பெட்டி இல்லை.

நிமிர்ந்து பார்க்கிறேன், பெட்டி ஹேமாவதி தலையில இருக்கு. சும்மாடு கூட இல்லாம. எந்தப் பொம்பளையும் தாண்டாத கல்லைத் தாண்டி வந்து, என் காலடியில இருந்ததைத் தூக்கியிருக்கா. தூக்கிக்கிட்டு, வழியோட போகாம, பிள்ளைங்களுக்கும் அவனுக்கும் நடுவுல பூந்து நடக்கிறா. குழலுக்கு நேர் முன்னாடி. ஒரு வார்த்தை பேசலை. அவனைப் பார்க்கவும் இல்லை. ரோட்டைப் பார்த்து நடந்துக்கிட்டே இருக்கா.

பெட்டி அவன் கண்ணு முன்னால போச்சு. வெள்ளை எழுத்துல அவன் பேரு, அவன் நம்பர். அதைப் படிச்சான்னு நினைக்கிறேன். பெட்டி கிளம்பிடுச்சு இல்லையா, கிளம்பிட்டா அவன் வெறுங்கையோட பின்னாடி போகணும் இல்லையா. துப்பாக்கியை இறக்கினான். கல்லோட மேடையில, அதுக்குப் போட்டிருந்த மாலைக்கு நடுவுல, தூங்குற குழந்தையைக் கிடத்துற மாதிரி கிடத்தினான். உள்ளங்கையைப் பேன்ட்ல துடைச்சான். பெட்டி பின்னாடி நடந்தான்.

சுபேதார் ஐயா வாயைத் திறந்தார். மூடிட்டார். கூப்பிடக்கூடாதே. ஊர் பூரா நிக்குது, ஒருத்தர் வாயில இருந்து ஒரு சத்தம் வரலை. நான் பெத்த பிள்ளை, நான் தூக்க வேண்டிய பெட்டி, வெறும் சும்மாடைத் தலையில வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன். யூடியூப்காரன் மட்டும், "அடுத்து என்ன சார்"ங்கிறான். சுபேதார் ஐயா துப்பாக்கியை எடுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தார். கை நடுங்கித் தோட்டா கீழே விழுந்து உருண்டுச்சு. வயசாயிடுச்சு அவருக்கும், பாவம்.

நான் என்ன கேட்கிறேன் தம்பி, அவளுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? மாமா, இந்த ஒரு தடவை நான் தூக்குறேன், விடுங்கன்னு. இத்தனை வருஷம் காத்திருந்த ஆளு நான். அன்னியில இருந்து சங்கத்துப் பக்கம் போகலை. போனா, சப்பாத்திக்காரனுக்குப் பெட்டி கூடக் கிடைக்கலைன்னு சிரிப்பாங்க. யூனிட்டுக்கும் அவளே ஃபோன் பண்ணி, ஆஸ்பத்திரியில இருக்கார், காயிதம் அனுப்புறேன்னு சொல்லியிருக்கா. அவங்களும் சரிம்மா, பார்த்துக்கோங்கன்னுட்டாங்களாம். எல்லாம் அவ ராஜ்ஜியம்.

அவனாவது அவ சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனானான்னா, அதுவும் இல்லை. அவன் ரயிலுக்குப் போறோம்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கான். இந்த பஸ் கண்டக்டர்தான் அன்னிக்கும் வண்டியில இருந்தது. அவர் சொல்லித்தான் எனக்கு மீதி தெரியும். அவனை ஜன்னலோரம் உட்கார வச்சுட்டு, பெட்டியைப் பக்கத்துல நடைவழியில போட்டு, அதுமேல உட்கார்ந்துக்கிட்டாளாம். காட்பாடி ஸ்டேஷன் வந்துச்சு. பாதி பஸ் இறங்குது. இவனும் எழுந்து நிக்கிறான்.

"ஹேமா, எழுந்திரு. வண்டி போயிடும்."

"பெட்டி இன்னும் கிளம்பலைங்க."

அவன் நின்னுக்கிட்டே பெட்டியைப் பார்த்தானாம். பெட்டி நகரலை. பெட்டி நகராம எங்க ஊர்க்காரன் எப்படி நகருவான்? உட்கார்ந்துட்டான். கண்டக்டர் வந்து, "ஏம்மா, காட்பாடிக்குத்தான் டிக்கெட் எடுத்தே, இறங்கு, இல்லைன்னா மேல எடு"ன்னாராம். அவ எழுந்திருக்கலை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, வேலூருக்கு ரெண்டுன்னு கேட்டு வாங்கிட்டு, உட்கார்ந்த வாக்குலயே குனிஞ்சு அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டி, அதுக்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் போடச் சொல்லி வாங்கினாளாம்.